ஆளுக்கு ஒரு புத்தகம்

"எங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒரு புத்தகம் சொல்லுங்க. எடுத்தா கீழ வைக்க மனசு வரக்கூடாது. அவ்வளவுதான் கேள்வி."

நூலகக் குழுத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையைத்தான் விட்டாரே தவிர, கேள்வி கேட்பதை விடவில்லை. அவருக்கு வலப்பக்கம் கொலை வழக்குகளில் பேர்போன வக்கீல். இடப்பக்கம் இதய மருத்துவர் அம்மா. எதிரே, அன்றைக்குத்தான் பிரித்துப் போட்ட புதுச் சட்டையின் மடிப்புக் கோடுகளோடு, வேலை கேட்டு வந்தவர் உட்கார்ந்திருந்தார்.

நூலகத்துக்கு வருகிறவர்கள் அலமாரிகளைப் பராக்குப் பார்த்துவிட்டு, மின்விசிறிக் காற்று வாங்கிவிட்டு, வெறுங்கையோடு போய்விடுகிறார்கள். ஆளைப் பார்த்து, அவருக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஒரு நூலகர் வேண்டும். அதற்குத்தான் இந்த நேர்காணல்.

காலையிலிருந்து ஆறு பேர் வந்து போயிருந்தார்கள். பேராசிரியருக்கு வரலாறு, வக்கீலுக்குக் கொலை வழக்கு, மருத்துவருக்கு உடல்நலம் என்று ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள்.

"நாள் பூரா நோயாளி, வீட்டுக்குப் போயும் நோய்தான் படிக்கணுமா?" என்று மருத்துவர் நொந்துபோயிருந்தார்.

"வாயால சொல்லட்டுமா, சார்? இல்ல, எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார் புதுச் சட்டைக்காரர்.

"வாயால சொன்னா என்ன?"

"சில புத்தகத்தை எழுதிக் கொடுக்கறதுதான் மரியாதை, சார்."

"சாட்சி பயப்படறாரு!" என்று வக்கீல் சிரித்தார். "தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு, சார். வர்ற மாசம் முப்பத்தாறு. அப்புறம் எந்த நூலகத்துலயும் விண்ணப்பத்தைக்கூட வாங்க மாட்டாங்க. எனக்கு இதுதான் கடைசி வண்டி."

"அப்ப வண்டியைக் கோட்டை விட்டுடாதீங்க. எழுதுங்க."

அவர் மூன்று சீட்டுகள் எழுதினார். நாலாக மடித்து, ஆளுக்கொன்றாக நீட்டினார்.

தலைவர் முதலில் பிரித்தார். 'காதல் கதை. இருவரும் பாதியில் பிரிந்துவிடுவார்கள். கலங்க வேண்டாம், 212ஆம் பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள்.'

தண்ணீர்கூடக் குடிக்காமலே பேராசிரியருக்குப் புரையேறியது. சீட்டைச் சட்டைப்பையில் போட்டு, பையின்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"என்ன சார் போட்டிருக்கு?" என்றார் மருத்துவர்.

"வரலாறுதான். கனமான வரலாறு. ஆறு பாகம்."

வக்கீல் தன் சீட்டைப் பிரித்தார். 'முயல் துப்பறியும் படக்கதை வரிசை. ஐந்தாம் பாகம் போன வாரம் கடைக்கு வந்துவிட்டது.'

"வந்துடுச்சா!" என்று துள்ளியவர், இரண்டு பேரும் திரும்பிப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு சட்டத் திருத்தம். ரொம்ப நாளா எதிர்பார்த்தது."

மருத்துவர் உஷாராகிவிட்டார். மேசைக்கு அடியில் வைத்தே பிரித்தார். 'மாடிப்படியில் பேய் இறங்கி வரும் கதை. இதற்கு முன் படித்ததைவிட மோசம். விளக்கை அணைக்காமல் படிக்கவும்.'

"எனக்கு உப்பைக் குறைக்கறது பத்தி," என்றார் யாரும் கேட்காமலே.

பிறகு மூவரும் சேர்ந்து அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பக்கத்து அலமாரியில் தலைகீழாக நின்ற ஒரு புத்தகத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அது தன் வேலையா இல்லையா என்பது இன்னும் தெரியாததால், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

உள்ளே தலைவர் இழுத்தார். "படிப்பு தபால்வழிதான் போலிருக்கு..."

"இருந்துட்டுப் போகட்டும் சார். இருபத்தஞ்சு வருஷமா நெஞ்சைத் திறந்து பார்க்கறேன், எனக்கே இதெல்லாம் தெரிஞ்சதில்லை. மனுஷன் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிட்டாரே!"

"இன்னொண்ணு," வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவு தெரிஞ்ச ஆளு வெளியில திரியறதைவிட, நம்ம நூலகத்துக்குள்ளயே இருக்கறது நமக்கும் நல்லது."

வாதம் அதோடு முடிந்தது.

நியமனக் கடிதத்தைத் தலைவர் நீட்ட, அவர் உள்ளே வந்து இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டு முறை படித்தார். புதுச் சட்டையின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி, இந்த வித்தையை எங்க கத்துக்கிட்டீங்க? இதுக்கு முன்னாடி எந்த நூலகம்?" என்று கேட்டார் தலைவர்.

"நூலகம் எதுவும் இல்லை, சார். பதினோரு வருஷமா ஏசி ரிப்பேர் பண்றேன்."

"ஏசியா?"

"ஆமா சார். எந்த வீட்டுக்குப் போனாலும் கனமான புத்தகமெல்லாம் ஹால்ல இருக்கும். அதுக்கு மேலயே வீட்டுக்காரங்க போட்டோவும் இருக்கும். ஏசி மட்டும் கட்டிலுக்கு நேர் மேல இருக்கும்."

வக்கீலும் மருத்துவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தலைவர் மட்டும் விடவில்லை. "இவங்க பகல்ல வீட்ல இருக்க மாட்டாங்க, சரி. நான் வீட்டை விட்டு நகர்றதே இல்லையே! என் கண்ணுல படாம என் அறைக்குள்ள எப்படி வந்தீங்க?"

அவர் தலைவர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தடவை வந்தேன், சார். நீங்க புத்தகத்துலேர்ந்து நிமிரவே இல்லை. ரெண்டாவது தடவை, 'கர்ச்சீப்'னு கையை மட்டும் நீட்டினீங்க. நான்தான் ஏணியிலேர்ந்து இறங்கி எடுத்துக் கொடுத்தேன்."