பதிமூன்று பேர்

செங்கம் சாலையில் இருந்த அந்த பிரவுசிங் சென்டருக்கு, ஆசிரமத்தில் தங்கும் வெள்ளைக்காரர்கள் வராத நாளே கிடையாது. ஆனாலும் தென்றல் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுவது பாவெலுக்கு மட்டும்தான். செக் நாட்டுக்காரர். ஐம்பத்தைந்து வயது, காவி வேட்டி, இரண்டு வருஷத்தில் பழகிக்கொண்ட அரைகுறைத் தமிழ். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து கடை திறக்கும் அவளை, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிற ஒரே ஆளும் அவர்தான்.

அவர் பார்ப்பது ஒரே ஒரு பக்கத்தை. அவர்கள் நாட்டுக் குடும்பப் பெயர் எதைத் தட்டினாலும், அந்தப் பெயரில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது சொல்லிவிடும். அவர் தட்டுவது எப்போதும் தன் பெயரை. நெவ்சாலிக்.

"எங்க நாட்டுல ஒரு கோடி ஆளு. இந்தப் பேரு பதிமூணு பேருக்குத்தான்," என்றார் முதல் நாள், பெருமையாக.

"நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னு 'அண்ணாமல'ன்னு ஒரு குரல் குடுங்க சார், பதிமூணு பேரு திரும்புவாங்க. அதுல ரெண்டு பேரு கண்டக்டரு," என்றாள் தென்றல்.

பெயர் வந்த கதையையும் அவர் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மூதாதை ஒருவர் ஜமீன் தானியக் கிடங்குக்குக் காவல். ஊரே பஞ்சத்தில் கிடந்தபோதும் ஒரு பிடி கோதுமையைத் தொடவில்லையாம். அவர்கள் பாஷையில் 'நெவ்சாலிக்', அதாவது 'எடுக்காதவன்' என்று ஜமீன்தார் கூப்பிட்டது வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது.

"பட்டினி கெடந்ததுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு இருக்கலாம் சார்."

பாவெல் வெகுநேரம் சிரித்தார். "நானும் அதான் நெனச்சேன்."

அடுத்த மாதம் திரையில் பன்னிரண்டு என்று வந்தது. பாவெல் சிறிய நோட்டு ஒன்றை எடுத்தார். அதில் பதிமூன்று பெயர்கள். ஒன்றின் மேல் சிவப்புப் பேனாவால் நிதானமாகக் கோடு இழுத்தார்.

"யாரு சார் அது?"

"பெரியப்பா பையன்."

"இன்னா ஆச்சு அவருக்கு?"

"போயிட்டாரு."

"ஐயோ பாவம்," என்றாள் தென்றல்.

அதற்கடுத்த மாதம் பத்து. பிறகு எட்டு. அவள் ஒன்றைக் கவனித்தாள். பாவெல் யாருக்கு மெயில் அனுப்புகிறாரோ, சீக்கிரமே அந்தப் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. ஒருமுறை தற்செயல் என்று நினைத்தாள். நாலாவது முறை அப்படி நினைக்க முடியவில்லை. அவர் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

கடை முதலாளி வேணுவிடம் சொன்னாள்.

"பங்காளிச் சண்டைம்மா. நம்மூர்ல மட்டுந்தான் இருக்குமா? மத்தவங்களத் தீர்த்துட்டா சொத்து மொத்தமும் ஒருத்தருக்கு. இங்க உக்காந்துக்கினே ஆள் வெச்சு முடிக்கிறாரு. காவி வேற! நமக்கெதுக்கு வம்பு, நீ கம்னு இரு."

கம்மென்று இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் கார்த்திகையில் இரண்டே பேர் மீதி. பாவெல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நீளமாக ஒரு மெயில் தட்டினார். அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"தங்கச்சி. இவளும் போயிடுவா. அப்புறம் நான் மட்டும்."

"சார், வேணாம் சார்!" தென்றலுக்கு வாய்தவறி வந்துவிட்டது.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "இனிமே என் கையில இல்லம்மா."

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். எஸ்.ஐ. ஆதிமூலம் பொறுமையாகக் கேட்டார்.

"பதினோரு கொலைன்றே. பொணம் எங்கம்மா?"

"அவங்க நாட்டுல சார்."

"அப்ப கேஸும் அங்கதான் போடணும்," என்று சிரித்தார். ஆனாலும் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கே டில்லியில் உள்ள செக் எம்பஸிக்கு ஃபேக்ஸ் போனது.

பத்தாம் நாள் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. பாவெல் வழக்கமான இடத்தில் இருந்தார். ஆதிமூலம் தோளைத் தொட்டதும், எதிர்பார்த்தவர்போல எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் திரையில் தெரிந்த எண்ணைத் தென்றல் பார்த்தாள்.

ஒன்று.

"லேட் பண்ணிட்டீங்களே சார்! கூடப் பொறந்தவளயும் முடிச்சுட்டாரே!"

"அழாதம்மா," என்று ஆதிமூலம் ஃபேக்ஸ் தாளைப் பிரித்தார். "அந்தத் தங்கச்சியம்மா நேத்துகூட அவங்க ஊரு போலீஸ்கிட்ட பேசியிருக்கு. மத்த பதினோரு பேரும் குண்டுக்கல்லாட்டம் இருக்காங்க."

"அப்ப இவரு?"

"பேங்க் மேனேஜரு. ஊர் ஜனம் போட்டு வெச்சதை மொத்தமா வழிச்சுக்கினு ஓடியாந்தவரு. அங்க பேப்பர், டிவின்னு எங்க பார்த்தாலும் இவரு பேருதானாம்."

"அந்த மெயிலெல்லாம்?"

"'நீயாவது போவாத'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சல்."

"அப்ப அந்த நம்பரு ஏன் சார் கொறஞ்சுது?" என்றாள் தென்றல். பாவெல் தலை நிமிரவில்லை. ஆதிமூலம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"குடும்பப் பேரைக் கெடுத்துட்டாருன்னு, பன்னெண்டு பேரும் ஒவ்வொருத்தரா கெஜட்டுல குடுத்துப் பேரையே மாத்திக்கினாங்களாம்."