சுவரோரம் ஒரு வீட்டுப்பாடம்

"மை வைஃப் ஈஸ் குக்கிங்" என்று எழுதி, முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தார் பைண்டர். குக்கர் இரண்டாவது விசில் விட்டது.

அச்சகத்தில் புத்தகம் தைத்து ஒட்டும் வேலை அவருக்கு. முதலாளி புண்ணியத்தில் அச்சக மாடியிலேயே இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. தினமும் நடப்பதைப் பற்றி ஐந்து வாக்கியம், இந்த நிமிஷம் நடந்துகொண்டிருப்பதைப் பற்றி ஐந்து வாக்கியம், வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி வரவேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. மற்றவர்கள் பஸ்ஸில் வரும்போது கிறுக்கித் தள்ளினார்கள். இவர் மட்டும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு எழுதினார்.

"செருப்ப வாசல்லயே விடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது" என்று அவள் குரல் உயர்ந்தது.

"மை வைஃப் ஈஸ் ஸ்கோல்டிங்."

சின்னவள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "மை டாட்டர் ரீட்ஸ் எவ்ரி டே." எழுத எழுத அவருக்குச் சிரிப்பு வந்தது.

சாப்பிட வாங்க என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள். இரண்டு வருஷமாகப் பழகிப்போன விஷயம்தான், ஆனாலும் வலித்தது.

மறுநாள் டீச்சர் அவருடைய நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "இவரைப் பாருங்க, வீட்டையே கொண்டுவந்து வச்சிட்டார். சரி, உங்க பொண்ணு நேத்து சாயங்காலம் என்ன கலர் டிரஸ் போட்டிருந்தா?"

பைண்டர் திருதிருவென்று விழித்தார். "கவனிக்கல டீச்சர்."

"எல்லா அப்பாவும் இப்படித்தான்" என்று டீச்சர் சொல்ல, வகுப்பே சிரித்தது. "சனிக்கிழமை கடைசி வகுப்பு. எல்லாரும் குடும்பத்தோட வரணும். நீங்க எழுதினத அவங்க முன்னாடி படிக்கணும்."

"கண்டிப்பா வருவாங்க டீச்சர்" என்று அவர் வாய் முந்திக்கொண்டது. அப்புறம்தான் சொன்னது உறைத்தது. மற்றவர்கள் பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் காலி நாற்காலிகளைப் பார்த்துப் படிப்பதை நினைத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை முகம் கழுவி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கேட்கவேண்டியதைக் கண்ணாடி முன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. வரமுடியாது என்று சொன்னாலும் சொல்லட்டும், கேட்டோம் என்றாவது இருக்கும்.

கதவைத் தட்டினார். கையில் கரண்டியோடு அவளே வந்து திறந்தாள். பின்னாலிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு எங்க இங்கிலீஷ் வகுப்புல ஒரு சின்ன விழா. எல்லாரும் வரணும். எனக்குன்னு கூட்டிட்டுப் போக வேற யாரும் இல்ல" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு வேணும் உங்களுக்கு?"

மூன்று தடவை சொல்லிப் பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. அவர் கையை நீட்டி, அடுத்தாற்போல் இருந்த தன் கதவைக் காட்டினார்.

அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்களாம்."