படிக்காத நடுவர்

"நான் ஒரு பக்கம்கூடப் படிக்கலைங்க" என்றார் பல் டாக்டர்.

சிறுவர் நாவல் பரிசுக்கான கடைசிக் கூட்டம். ஓட்டுப் போட்ட கையோடு இந்தக் குண்டைத் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

நடுவர்கள் மூன்று பேர். பேராசிரியர் 'நல்வழிச் செல்வன்' என்றார். நூலகர் அம்மா 'புளுகுமூட்டை' என்றார். டாக்டர், "எனக்கும் புளுகுமூட்டைதான்" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மனுஷன் உண்மையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

பேராசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"படிக்காம ஓட்டா? உங்க அப்பா ஏற்படுத்தின பரிசுங்கறதுக்காக நீங்க வந்து உட்கார்ந்தா ஆச்சா? எல்லா நாவலையும் படிச்சவங்கதான் ஓட்டுப் போடணும்னு விதி இருக்கு. தலைவரே, இவர் ஓட்டு செல்லாது. இவரை இந்தக் குழுவை விட்டே எடுத்துடணும்."

தலைவர் தாடையைத் தடவினார். ஓட்டு சமமானால் மட்டும் அவர் முடிவு சொல்லலாம். அவரும் பேராசிரியரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

டாக்டர் ஓட்டு போனால் ஒன்றுக்கு ஒன்று, முடிவு தலைவர் கையில் என்று நூலகர் அம்மா கணக்குப் போட்டார். 'புளுகுமூட்டை' ஒரு புதுப் பெண்ணின் முதல் நாவல். பரிசு வந்தால் எல்லாப் பள்ளிக்கூட நூலகத்துக்கும் போகும். வராவிட்டால் மிச்சப் பிரதிகளை எடைக்குப் போட்டுவிடுவேன் என்று பதிப்பாளர் அந்தப் பெண்ணிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"ஏன் டாக்டர் இப்படிப் பண்ணினீங்க? கூடி வந்த காரியத்தைக் கெடுத்துட்டீங்களே."

"எனக்கு நாற்பத்தாறு வயசும்மா. இது பன்னிரண்டு வயசுக்காரங்க படிக்கற புத்தகம். நான் படிச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறேன்? அதான் அஞ்சு நாவலையும் கிளினிக்ல, பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கற இடத்துல போட்டு வெச்சேன்."

"பேஷ். பெரிய ஆராய்ச்சி" என்றார் பேராசிரியர்.

"பல்லைப் பிடுங்கப் போறாங்கன்னு உட்கார்ந்திருக்கற பிள்ளை லேசுல எதையும் ரசிக்காது சார். அப்பவும் கையை விட்டு இறக்காம ஒண்ணைப் படிக்குதுன்னா, அதுல சரக்கு இருக்கு."

"சரி, என்னதான் ஆச்சு?" தலைவர் கேட்டார்.

"நாலு புத்தகத்தைப் பிள்ளைங்க தொடவே இல்லை. அதுல நல்வழிச் செல்வனை எங்க ரிசப்ஷன் பொண்ணு டீ கப்புக்கு அடியில வெச்சுக்கறா. புளுகுமூட்டை மட்டும் தங்கவே மாட்டேங்குது. காணாமப் போச்சுன்னு இன்னொண்ணு வாங்கி வெச்சேன். அதுவும் போச்சு. அப்புறம் நான் வாங்கறதும் அது போறதுமாவே இருக்கு. ஒரு பொண்ணு சட்டைக்குள்ள சொருகிக்கிட்டுக் கிளம்பினதை நானே பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மாவா விட்டீங்க?"

"இல்லைங்க, கதவைத் திறந்துவிட்டேன். புத்தகம் கீழ விழுந்துடாம ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பாவம், அவளால எப்படித் திறக்க முடியும்?"

நூலகர் அம்மா சிரித்தே விட்டார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு. தலைவர்கூடச் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

பேராசிரியர் விடுவதாக இல்லை.

"பிள்ளைங்களுக்கு மிட்டாயும்தான் பிடிக்கும். பல் டாக்டருக்குத் தெரியாததா? அதுக்காக மிட்டாய்க்குப் பரிசு கொடுப்போமா? அந்த நாவல்ல கதாநாயகி ஆரம்பத்துல இருந்து புளுகறா. கடைசி வரைக்கும் தண்டனையே இல்லை. படிக்கற பிள்ளை உருப்படுமா?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுவும் யோசிக்க வேண்டியதுதான். ரொம்ப மோசமா வர்ற இடம் ஒண்ணைக் காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்ணிடறேன்."

பேராசிரியர் பையைத் திறந்து நாவல்களை மேசைமேல் எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு, ஓரத்தில் குறிப்பு. மனுஷர் உழைத்துத்தான் இருந்தார். ஆனால் நாலுதான் வந்தது. பையின் அடிவரை கையை விட்டுத் துழாவினார்.

"புளுகுமூட்டை வீட்ல இருக்கு போலிருக்கு."

"பரவாயில்லை சார்" என்றார் நூலகர் அம்மா. "என் காப்பி இருக்கு. எந்த அத்தியாயம்னு சொல்லுங்க, எடுத்துத் தரேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"நீ படிச்சேதானே?" தலைவர் மெதுவாகக் கேட்டார். மரியாதைப் பன்மை எங்கோ போய்விட்டது.

"கதை தெரியும்."

"எப்படித் தெரியும்?"

பேராசிரியர் மேசையைப் பார்த்தே பேசினார். "பார்சலைப் பிரிச்ச அன்னைக்கே என் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா. பதிமூணு வயசு. முழுசாப் படிச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து படிக்கறா. கேட்டாத் தரமாட்டேங்கறா. சாப்பிடறப்ப அவ சொல்லிச் சொல்லித்தான் எனக்குக் கதையே தெரியும்."

டாக்டர் தண்ணீர் டம்ளரைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நூலகர் அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"விதிப்படி என் ஒரு ஓட்டுதான் செல்லும் தலைவரே, ஜெயிக்க அதுவே போதும். இருந்தாலும் சார் வீட்டு ஓட்டையும் புளுகுமூட்டைக்கே எழுதிக்குங்க. அந்த வீட்ல படிச்சவங்க ஒருத்தர் இருக்காங்க."