லெட்டிஷாவின் பையன்

"தொப்பி எங்க? மண்டை காயுது பாரு. போ, போய் எடுத்துட்டு வா."

அதட்டியது நாலு வயது லெட்டிஷா. அதட்டு வாங்கியது அவளுடைய வாத்தியார் டேமியன்.

பத்து நாளாக இதே கூத்துதான். மதியம் அவன் தட்டை எட்டிப் பார்த்து, "மிச்சம் வைக்காம தின்னு" என்பாள். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் வாயில் திணிப்பாள். ஒருநாள் மூக்கைத் துடைத்துவிடவும் வந்துவிட்டாள். சரியான வாயாடி என்று டேமியனும் அடங்கிப் போனான்.

மொழி வகுப்பு எடுக்கும் மேவிஸ் அக்கா உள்ளே வந்து, சுவரில் ஒரு படத்தை மாட்டினாள்.

"அம்மாவுக்கு நம்ம வார்ல்பிரியில என்ன?"

"ஙட்டி" என்றார்கள் பிள்ளைகள் ஒரே குரலில்.

"நட்டி" என்றான் டேமியன்.

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது.

"பத்து நாள் முன்னாடியே ஜங்கலான்னு பேர் வச்சு ஊர்ல சேர்த்தாச்சு. நாக்கு மட்டும் இன்னும் அடிலெய்டுலயே கிடக்கு" என்றாள் மேவிஸ்.

டேமியனும் சேர்ந்து சிரித்தான். அவனும் இந்த நாட்டின் பூர்வகுடிதான். ஆனால் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று தெரியாது. கைக்குழந்தையாக இருந்தபோதே வளர்ப்பு வீட்டுக்குப் போனவன். இங்கே ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு முறைப்பெயர் உண்டு; அதை வைத்ததும் ஊர் முழுக்க முறை வந்துவிடுகிறது. யாருக்கு யார் என்ன வேண்டும் என்று இப்போதுதான் பால்குடி மறந்த பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. அவனுக்குத்தான் அந்தக் கணக்கு தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை குடும்ப நாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொந்தத்தைக் கூட்டிவந்து, முறை சொல்லி, இருவருமாகச் சுவரில் கை பதிக்க வேண்டும். இந்த யோசனை டேமியனுடையது. லெட்டிஷாவின் அம்மா பிரசவத்துக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போயிருப்பது பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பள்ளி விழாக்களில் ஆளில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பிள்ளை அப்படி நிற்கவே கூடாது.

"லெட்டி, உனக்கு யாரு வருவாங்க? உங்க அத்தைகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். எனக்கு என் பையன் இருக்கான்."

"உனக்குப் பையனா?"

"ம். அவனுக்கு இன்னும் பேச்சு சரியா வரல. வந்துடும்."

பிறக்கப்போகும் தம்பிப் பாப்பாவைச் சொல்கிறாள் என்று நினைத்து டேமியன் விழுந்து விழுந்து சிரித்தான். மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி கல்யாண வீடு மாதிரி இருந்தது. வெளியே தணலில் கங்காரு வால் வெந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக "இது என் சித்தி", "இது என் மாமா" என்று சொல்லிச் சுவரைச் சிவப்பாக்கினார்கள். கடைசியில் லெட்டிஷா மட்டும் மிச்சம். டேமியன் வாசலைப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

அவள் பக்கத்தில் மண்டியிட்டு மெல்லக் கேட்டான். "லெட்டி, யாரும் வரலேன்னா பரவாயில்ல. நான் வேணா உன்கூட நிக்கட்டுமா?"

"பின்ன? நீ நிக்காம வேற யாரு நிப்பா?"

அவன் கையைப் பிடித்துச் சுவர்வரை இழுத்துப் போனாள். சிவப்புச் சாயத்தில் அந்தக் கையை முக்கிச் சுவரில் அழுத்தினாள். பக்கத்திலேயே தன் குட்டிக் கையைப் பதித்தாள். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் நபங்காடி. இவன் ஜங்கலா. என் பையன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"நபங்காடிக்கு ஜங்கலா மகன்தானே. பேர் வச்ச அன்னைக்கே அவ உன்னைப் பிள்ளையா எடுத்துக்கிட்டாளே, உனக்குத் தெரியாதா?" என்றாள் மேவிஸ்.

தொப்பி, ரொட்டி, மூக்கு எல்லாம் ஒரே நேரத்தில் டேமியனுக்கு விளங்கின. இருபத்தாறு வருஷமாக யாரையும் அப்படிக் கூப்பிட்டிராத அவன், தன் இடுப்பளவுகூட இல்லாத அவளைப் பார்த்து, கொஞ்சமும் பிசகாமல் சொன்னான்: "ஙட்டி."