மேசை மணி

மணி அடித்ததும் அவள் வாக்கியம் பாதியில் நின்றது.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் வாயிலிருந்து வந்தது ஒரு மொழியின் பெயர்: தரவுகளைச் சேர்க்கவும் அழிக்கவும் கணினிக்குக் கட்டளையிடும் மொழி. பெருங்குடியில் இந்த ஏழாவது மாடி அலுவலகத்தில் அதற்கு ‘சீக்வல்’ என்று பெயர். அருப்புக்கோட்டைப் பக்கம் அவள் படித்த கல்லூரியில் ‘எஸ்.கியூ.எல்.’ என்பார்கள். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

வாயைத் திறந்தால்தான் வம்பு.

யாராவது எஸ்.கியூ.எல். என்று சொல்லிவிட்டால் குழுத் தலைவன் நிரஞ்சன் மேசையிலிருக்கும் குட்டிப் பித்தளை மணியை அடிப்பான். சும்மா விளையாட்டு என்பார்கள். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

சீக்வல் என்று சொல்ல அவளுக்கு வராமல் இல்லை. குளியலறையில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மணியடித்துத் தன்னைத் திருத்தியதாக இருக்கக் கூடாது என்றுதான் வீம்பு. அதனால் கூட்டங்களில் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

“ஏதோ சொல்ல வந்தீங்களே?” என்றான் நிரஞ்சன்.

வழக்கமாக “ஒண்ணுமில்ல” என்பாள்.

திரையில் பச்சைப் பொத்தான் தெரிந்தது. அவன் கை மவுஸில் இருந்தது. அழுத்தினால் ஒரு மருத்துவமனையின் கணினிக்கு இவர்களுடைய புது நிரல் போய்விடும். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்கிற விவரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

“அந்த எஸ்.கியூ.எல்.ல...”

மணி அடித்தது. இந்தமுறை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது.

அவளுக்குக் காது சுட்டது. அழுகை வரும் போலிருந்தது. வரட்டும், அதற்காக நிறுத்துவதாக இல்லை. எழுந்து போய் அவன் முன்னாலிருந்த மணியை எடுத்தாள். அதன் நாக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த எஸ்.கியூ.எல்.ல கண்டிஷன் லைனே இல்ல, நிரஞ்சன். செத்துப்போனவங்க ரெக்கார்டை மட்டும் அழிக்கணும். இது உயிரோட இருக்கறவங்களதையும் சேத்து அழிச்சிடும்.”

யாரும் சிரிக்கவில்லை.

நிரஞ்சன் நிரலைத் திறந்தான். ஒருமுறை படித்தான். கீழிருந்து மேலாக மறுபடி படித்தான்.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அந்த வரியை எழுதியவன் அவன்தான். அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

“இன்னிக்கு அனுப்ப வேணாம்,” என்றான். அவள் பக்கம் திரும்பினான். “அந்த சீக்வலை நீங்களே சரி பண்ணிடுங்க.”

அவள் விரல்களைத் தளர்த்தினாள்.

மணியை ஒருமுறை அடித்தாள்.

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.