சிவப்பு டேப்

"நிறுத்துங்க! மறுபடியும் தப்பு."

கமாண்டர் ரொவேனா சிவப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து, தியோடுலோவின் கை போன இடத்தில் பட்டென்று ஒட்டினார். கொட்டகையே சிரித்தது.

படகு இன்னும் பிறக்கவே இல்லை. சான் ரோக்கே தளத்துக்கு வரப்போகும் வெள்ள மீட்புப் படகுக்கு மாதிரியாக, பலகையில் அடித்த ஓட்டுநர் அறை ஒன்றுதான் நின்றது. மரச் சக்கரம், மர லீவர்கள்.

வழக்கமாகப் படகு வந்து, பாதிரியார் தீர்த்தம் தெளித்து, வறுத்த பன்றியைத் தின்று முடித்த பிறகுதான், இதை யார் எப்படிக் கற்றுக்கொள்வது என்ற பேச்சே எழும். இந்த முறை ரொவேனா குறுக்கே நின்றார். பயிற்சி எப்படி என்று தெரியாமல் படகு கட்ட இரும்பில் கை வைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம்.

அதற்கு அவர் கூப்பிட்ட ஆள் தியோடுலோ. பழைய படகிலேயே தலை நரைத்தவர்.

"பின்னால போங்கன்னு சொன்னேன். நீங்க முழங்கால் பக்கம் கையை விட்டு எதை இழுத்தீங்க?"

"முன்கதவு லீவரை, மேடம்."

"நடு ஆத்துல முன்கதவு திறந்தா?"

"முழுகிடுவோம்."

"முதல்ல இருந்து ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். கை மறுபடியும் முழங்கால் பக்கமே போனது. இன்னொரு துண்டு டேப்.

அடுத்து, புதிதாகச் சேர்ந்த ஜெரிக்கோ ஏறினான். ஒரு தப்பும் இல்லை. இறங்கும்போது ஒரு சல்யூட் வேறு.

"சரி, நீ இனிமே வர வேண்டாம்" என்றார் ரொவேனா. "தியோடுலோ, நீங்க நாளைக்கும் வாங்க."

தேறியவனுக்கு விடுதலை, தேறாதவருக்குத் தண்டனை. எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது.

சாப்பாட்டு மேஜையில் பையன்கள் விடவில்லை.

"தியோ அண்ணே, உங்க படகுக்கு அம்மை போட்டிருக்கு. டாக்டரைக் கூப்பிடவா?"

"வேணாம்டா, உனக்கும் தொத்திக்கும்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சோறு இறங்கவில்லை.

புதுப் படகில் இடம் கிடைக்காதவர்கள் கிடங்குக்குப் போய்க் கயிறும் பெயின்ட்டும் எண்ண வேண்டியதுதான் என்று தளம் முழுக்கப் பேச்சு. போன புயலில் கூரை மேல் நின்ற ஒரு பிள்ளைத்தாச்சியை இறக்கிக் கொண்டுவந்தவர் அவர். பிறந்த குழந்தைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், பாவம் அந்தப் பிள்ளை. அந்தக் கை இனி பெயின்ட் டப்பாவையா தூக்குவது?

மறுநாள் அவரே போய்ச் சொன்னார். "மேடம், கேவலப்பட்டது போதும். நானே கிடங்குக்குப் போயிடறேன்."

ரொவேனா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கு ராத்திரிக் காவல் உங்களுக்குத்தானே? காலையில அது முடிஞ்சதும் தூங்காம நேரா இங்க வாங்க."

கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார். காலையில் கண் எரிய எரிய வந்து உட்கார்ந்தார். பின்னால் என்றதுமே கை முழங்கால் பக்கம் போனது. டேப்புக்கு மேலேயே டேப் ஏறியது.

அந்த வாரக் கடைசியில் மேலிடத்திலிருந்து தளபதி வந்தார், கூடவே படகு கட்டும் பட்டறையின் பொறியாளரும். தியோடுலோ எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒரே இடத்தில் அப்பியிருந்த சிவப்பைத் தளபதி பார்த்தார். "யாரு இவ்வளவு தப்புப் பண்ணினது?"

எல்லாத் தலையும் திரும்பியது. தியோடுலோ கையைத் தூக்கினார். காது சுட்டது.

"நல்ல ஆளா ஒருத்தனை உட்கார வெச்சிருக்கலாமே, கமாண்டர்?"

"வெச்சோம் சார். ஜெரிக்கோ ஒரு தப்பும் பண்ணல. அதனால எங்களுக்கு ஒண்ணும் தெரியல." ரொவேனா பொறியாளர் பக்கம் திரும்பினார். "பின்னால போற லீவர் இந்தச் சிவப்பு இருக்கற இடத்துக்கு வரணும். முன்கதவு லீவர் தலைக்கு மேல, மூடி போட்டு."

"ஒரு ஆளுக்காகவா மேடம் மாத்தணும்?"

"ஒரு ஆளா? பழைய படகுல பின்னால போற லீவர் முழங்கால் பக்கம்தான் இருக்கு. அதுல இருந்து வரப்போற அத்தனை பேர் கையும் இவர் கைதான். தூங்கி எழுந்த கை யோசிக்கும், களைச்ச கை பழகின இடத்துக்குப் போகும். புயல்ல யாரு சார் தூங்கி எழுந்து ஓட்டறாங்க?"

தளபதி தாடையைத் தடவினார்.

"கையை மாத்தறதுன்னா மாசக்கணக்கா பயிற்சி வேணும் சார். அப்பவும் நம்ப முடியாது. பலகையில லீவரை மாத்த ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்."

தளபதி பொறியாளரைப் பார்த்து, "மாத்துங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகும் தியோடுலோ அங்கேயே நின்றார்.

"மேடம்... அப்ப கிடங்கு?"

"உங்களை யாரு கிடங்குக்கு அனுப்பினாங்க? புதுப் படகுல முதல் இடமே உங்களுக்குத்தான்."

"இத்தனை தப்புப் பண்ணிட்டேனே மேடம்!"

ரொவேனா முதல்முறையாகச் சிரித்தார்.

"டேப் எங்க ஒட்டியிருக்குன்னு நல்லாப் பாருங்க, தியோ அண்ணே. எல்லாம் படகு மேலதான். உங்க மேல ஒரு துண்டாவது ஒட்டினேனா?"