நாலாம் நம்பர் ஃபேன்

"இதுதானுங்க கரண்டைத் திருடுற ஃபேன்" என்று காட்டினார் ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் குமாரசாமி.

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. தூள் சலிக்கும் அறையின் சுவரில் நாலாம் நம்பர் எக்ஸாஸ்ட் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. சலிக்கும்போது பறக்கிற தூசியை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஆனால் அதன் வலை மேல் ஒரு பழைய நீலச் சேலை, நாலு மடிப்பாக இழுத்துக் கட்டியிருந்தது.

கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்கும் எனர்ஜி ஆடிட்டுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஷண்முகப்ரியாவுக்கு இதுதான் முதல் வேலை. காற்றை அளந்தாள். ஃபேன் இழுக்கிற கரண்டை அளந்தாள். கணக்குப் போட்டாள். தப்பாக இருக்குமோ என்று மறுபடி போட்டாள். பிறகு மூன்றாவது முறையும்.

"பதினாலு பெர்சென்ட் சார். நூறு பங்கு கரண்ட் இழுத்தா பதினாலு பங்குதான் காத்தா மாறுது."

"மத்த ஃபேனெல்லாம்?"

"நாற்பதுக்கு மேல. அந்தச் சேலையாலதான் சார். யாரு கட்டினது?"

"நாந்தான் பாப்பா" என்றாள் சல்லடை பக்கத்தில் நின்ற சுப்பம்மா. புருவமெல்லாம் தூசி. "முதுகுல சில்லுன்னு ஏறுது. அதான்."

"குளிருதாமுங்க!" என்றார் குமாரசாமி. "முப்பது வருசமா இந்த மலையில இருக்கிற அம்மாவுக்கு இப்பத்தான் குளிருதாம். ஒரு மாசமா இதே கூத்து. நானும் எட்டுத் தடவை அவுத்துட்டேன். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிருது."

"பொங்கலுக்கு ஃபேனுக்கு மாத்துச் சேலையும் வருமுங்கய்யா" என்றாள் பக்கத்தில் இருந்த சின்னம்மை.

எல்லோரும் சிரித்தார்கள். சுப்பம்மாவும் சிரித்தாள். இருமினாள்.

"பாப்பா, இந்த மிசினு ஃபேன் காத்தை மட்டுந்தான் அளக்குமா? ஐயா வாயில இருந்து வாரதையும் அளக்குமா?"

சிரிப்பு இன்னும் பலமாயிற்று. குமாரசாமியின் முகம் மட்டும் சுருங்கியது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. அம்மிணி, 'ஆள் செஞ்ச தப்பு'ன்னு ரிப்போர்ட்ல எழுதிக் குடுங்க. நாளைக்கே இந்தம்மாவைக் கொழுந்து பறிக்க அனுப்பிச்சுடறேன். மழையில நின்னா குளிர்னா என்னன்னு தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்காவுக்கு முழங்காலு முடியாதுங்கய்யா. மேட்டுல ஏற மாட்டாங்க" என்றாள் சின்னம்மை.

"ஃபேன் மேல ஏறிச் சேலை கட்ட மட்டும் முடியுதா?"

அவரே ஸ்டூல் போட்டு ஏறிச் சேலையை உருவினார். ஃபேனின் இரைச்சல் மாறியது. ஐந்தே நிமிடத்தில் அறை பளிச்சென்று தெரிந்தது.

ஷண்முகப்ரியா மறுபடி அளந்தாள். "நாற்பத்தி மூணு சார்!"

"பார்த்தீங்களா?"

சுப்பம்மா ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அளந்தாச்சுல்ல பாப்பா? கட்டிரட்டுமா?"

"இன்னுமா குளிருது?"

"ஆமாங்கய்யா" என்றாள், தலையைக் குனிந்தபடி.

ஷண்முகப்ரியாவுக்குப் பேனா ஓடவில்லை. நாலு பெண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பதினாலு பதினாலுதான். தன் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் அவள். இல்லாததை எழுதும் தைரியம் இன்னும் வரவில்லை.

'காரணம்: பணியாளர் வலையைத் துணியால் மூடி வைத்தது' என்று எழுதினாள்.

கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'காற்று வெளியேறும் இடம் நேரில் பார்க்கப்பட்டதா?'

"பார்த்தாச்சுன்னு டிக் போடுங்க அம்மிணி" என்றார் குமாரசாமி. "சுவத்துக்கு அந்தப் பக்கம் வேறென்ன இருக்கப் போகுது? நான் வந்து மூணு மாசம் ஆச்சு, எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரே அட்டைப்பூச்சி. காலைப் புடிச்சா விடாது."

"பார்க்காம எப்படி சார் பார்த்தேன்னு எழுதறது?"

"உங்களை மாதிரி பத்துப் பேர் வந்தா ஃபேக்டரி ஓடாதுங்க" என்று முனகிக்கொண்டே குடையை எடுத்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்து, சாக்ஸ் மேல் உப்பைத் தூவிக்கொண்டார். ஈரப் புல்லில் ஒவ்வோர் அடிக்கும் குதித்தார். குளிருக்குப் பயந்தவளைக் கேலி செய்தவர் இவர்தானா என்று ஷண்முகப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது.

மூலை திரும்பியதும் இருவரும் நின்றார்கள்.

ஃபேன் வாய்க்கு நேர் எதிரே, ஐந்தடி தள்ளி, கதவில்லாத ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாகப் பதினோரு குழந்தைகள். அம்மாக்கள் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை விட்டுவைக்கிற பிள்ளைகள். முன்னால் பதினோரு டம்ளர் பால். பாலின் மேல் பழுப்பாகத் தூசி படிந்துகொண்டிருந்தது. ஒன்று இருமியது. அதைப் பார்த்து இன்னொன்று.

"புள்ளைக் காம்பராவை இங்கயா மாத்தினாங்க?" என்றார் குமாரசாமி மெதுவாக. "போன மாச மழையில பழைய காம்பராக் கூரை விழுந்துச்சு. பின்னாடி எங்கயோன்னுதான் சொன்னாங்க..."

ஆயா வீரம்மா இவர்களைப் பார்க்கவில்லை. கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, ஓடும் ஃபேனைப் பார்த்து உள்ளே கேட்கும்படி கத்தினாள்.

"ஏய் சின்னம்மை! சேலையை எவ அவுத்தது? இங்க தூசி அடிக்கிறது ஆபீசுக்குத் தெரிஞ்சா, வேற இடமில்லைன்னு காம்பராவையே மூடிருவாங்கன்னுதானே ஒருத்தரும் வாயைத் தொறக்காம இருக்கோம்! சுப்பம்மாக்கா இன்னைக்கு லீவா? அவங்க இருந்தா இந்தத் தூசி பூராத்தையும் உள்ளேயே நிறுத்தி அவங்களே தின்னுக்குவாங்களே!"